ஸ்கேனர் படிப்பது எந்த வண்டியை?

லாரிக்கு இன்ஜின் மாற்றுவது தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்குப் பழகிப்போன வேலை. சென்னையில் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களைத் தயாரித்த காலத்தில் பெட்ரோல் லாரிகள் டீசலுக்கு மாறின. அம்பாசிடர் காருக்குள் மெட்டடோர் இன்ஜின் போனது. லாரியிலிருந்து கழற்றிய லேலண்ட் இன்ஜின்கள் விசைப்படகில் ஏறிக் கடலுக்கே போயின. அந்த நாளில் பெரிய கவலையெல்லாம் மவுன்டிங் உட்காருமா, பெல் ஹவுசிங் பொருந்துமா, புரொப்பல்லர் ஷாஃப்ட்டை எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதுதான். நல்ல லேத்தும் நிதானமான வெல்டரும் இருந்தால் வேலை முடிந்தது. மெக்கானிக்கல் பம்பு வைத்த இன்ஜினுக்கு ஸ்டார்ட் ஆகத்தான் கரண்ட் வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்தாலும் ஓடும்.

எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைக்கும் காமன் ரெயில் இன்ஜினிடம் இந்தக் கதை நடக்காது. எந்த நொடியில், எந்த சிலிண்டருக்கு, எவ்வளவு டீசல் என்று தீர்மானிப்பது ஈசிஎம் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி. இன்ஜின் எந்த வண்டியில் பிறந்ததோ, அந்த வண்டியின் பெடல், மீட்டர், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் அதற்கு மனப்பாடம். இன்ஜினைத் தூக்கி வேறு சேசிஸில் வைத்தால், கடை கைமாறிய பிறகும் பழைய முதலாளியின் பேரேட்டைத் தேடுகிற கணக்குப்பிள்ளை மாதிரி அது விசாரித்துக்கொண்டே இருக்கும். அந்த விசாரணைதான் மீட்டரில் செக் லைட்டாக எரிகிறது, ஸ்கேனரில் கோளாறுக் குறியீடுகளாக, பட்டறை வழக்கில் ‘கோடு’களாக, வரிசை கட்டுகிறது. அந்த வரிசையை அப்படியே நம்பி ஒவ்வொரு வரிக்கும் ஒரு சாமான் வாங்கினால் இன்னொரு இன்ஜின் விலை ஆகிவிடும். ஆகவே ஒரு கோட்டைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எந்த வண்டியைப் பற்றிய புகார் என்பது. கண்முன் நிற்கிற வண்டியைப் பற்றியதா, இன்ஜினின் நினைவில் இருக்கிற வண்டியைப் பற்றியதா?

கோவில்பட்டி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு வேலை அதிகம். தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் வடக்கே ஏறுகின்றன. தூத்துக்குடித் துறைமுகச் சரக்கு, வேம்பார், வைப்பாறு பக்கத்து உப்பு, விளாத்திகுளம் பக்கத்துக் கரிமூட்டக் கரி, மக்காச்சோளம், வத்தல் என்று லாரிக்குச் சும்மா நிற்க நேரமில்லை. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு முதலாளிகள் நிறைய. இன்ஜின் கை விட்டால் கிராங்கிலிருந்து மொத்த வேலை பார்ப்பதா, ஓடின இன்ஜின் ஒன்றை வாங்கி வைப்பதா என்று கணக்குப் பார்ப்பார்கள். சென்னை புதுப்பேட்டையில் தேடினாலும் சரி, நாமக்கல் பக்கம் சொல்லி வைத்தாலும் சரி, விபத்தில் உடைந்த வண்டியின் இன்ஜின் எங்காவது கிடைத்துவிடும்.

இதில் 2017-க்குத் தனி இடம் உண்டு. அந்த ஆண்டு மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 என்ற பழைய புகை விதிப்படி செய்த வண்டிகளை விற்கக் கூடாது என்றது. அப்போது விற்காமல் கிடந்தவை சுமார் 8 லட்சம் வண்டிகள். அவற்றில் ஏறக்குறைய 96,000 வணிக வாகனங்கள். கடைசி நாட்களில் தள்ளுபடி போட்டு விற்றார்கள், ஊரெல்லாம் ஓடிப் போய் வாங்கினார்கள். அந்த லாரிகள் எட்டு வயதைத் தாண்டி இப்போது வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி (தகுதிச் சான்று) காட்டும் நிலையில் இருக்கின்றன. சேசிஸ் கல்லு மாதிரி நிற்க, இன்ஜின் தளர்ந்துவிடுகிறது. சந்தையில் கிடைப்பதோ பி.எஸ்.4 காலத்து இன்ஜின். பி.எஸ்.4-இல் டாடா, கம்மின்ஸ் இன்ஜினுடன் யூரியா தெளிக்கும் எஸ்சிஆர் வழிக்குப் போனது. அசோக் லேலண்ட், புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வழியைப் பிடித்தது. எந்த வழி இன்ஜின் வந்து இறங்குகிறது என்பதைப் பொறுத்து அது எழுப்பப் போகும் புகார்களும் வேறாகும்.

கோடுகளில் இரண்டு குடும்பம் உண்டு. கார், சின்ன டெம்போ வகையறாவில் ஐந்து எழுத்துக் கோடு: பி என்றால் இன்ஜின், கியர் சார்ந்தது, யு என்றால் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு இடையிலான பேச்சு சார்ந்தது. பி 0087 என்றால் ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு, பி 0335 என்றால் கிராங்க் சென்சார் சுற்று, யு 0100 என்றால் ஈசிஎம்முடன் தொடர்பு அறுந்தது. பி-க்கு அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பொருள். 1 என்றால் கம்பெனிக்குக் கம்பெனி பொருள் மாறும். வேறு கம்பெனியைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஸ்கேனர் காட்டும் விளக்கத்தைப் படித்துச் சாமான் மாற்றியவர்கள் உண்டு.

பெரிய லாரிகளில் பெரும்பாலும் ஜே1939 முறை. இங்கே கோடு இரண்டு எண்ணாக வரும். எஸ்பிஎன் என்பது எதைப் பற்றிய புகார் என்று சொல்லும். எஃப்எம்ஐ, என்ன மாதிரிப் புகார் என்று சொல்லும். 110 கூலன்ட் சூடு, 100 ஆயில் அழுத்தம், 157 ரெயில் அழுத்தம், 91 ஆக்சிலேட்டர் பெடல், 84 வண்டியின் வேகம். 5,20,192 முதல் வரும் எஸ்பிஎன் எல்லாம் தயாரிப்பாளர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்வது. அவற்றைப் பொதுப் பட்டியலில் தேடிப் பயனில்லை. எஃப்எம்ஐ 0 முதல் 31 வரை. 3 என்றால் வோல்ட் வரம்புக்கு மேல், 4 என்றால் வரம்புக்குக் கீழ், 5 என்றால் சுற்று அறுந்திருக்கிறது, 9 என்றால் வர வேண்டிய தகவல் நேரத்துக்கு வரவில்லை, 1 என்றால் அளவீடு நம்பத்தக்கதுதான், ஆனால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. பட்டறைகளில் பலர் எஸ்பிஎன்னை மட்டும் பார்த்துவிட்டு எஃப்எம்ஐயைக் கண்டுகொள்வதில்லை. “ரெயில் சென்சார்னு காட்டுதுண்ணே” என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுகிறார்கள். 157-க்கு 3 வந்தால் ஒயரையும் சென்சாரையும் பார்க்க வேண்டும். 157-க்கு 1 வந்தால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, டீசல்தான் வரவில்லை.

இவற்றோடு இன்னும் இரண்டு தகவல் கூடவே வரும், அவற்றையும் விடக் கூடாது. ஒன்று, எத்தனை தடவை வந்தது என்ற எண்ணிக்கை. அது 126-க்கு மேல் ஏறாது. 126 என்று நின்றால் அந்தக் கோளாறு ரொம்ப நாளாகக் குடியிருக்கிறது என்று கொள்ளலாம். மற்றது, புகார் சொல்வது யார் என்ற முகவரி. இன்ஜின் 0, பிரேக் பெட்டி 11, மீட்டர் 23. இன்ஜின் மாற்றிய வண்டியில் இந்த முகவரிக்கு மதிப்பு அதிகம். மீட்டர் பெட்டி “இன்ஜின் பேசவில்லை” என்று சொல்வதும், இன்ஜின் “மீட்டர் பேசவில்லை” என்று சொல்வதும் ஒரே ஒயர் அறுப்பை இரண்டு கரையிலிருந்து பார்ப்பதாக இருக்கலாம்.

இன்ஜின் மாற்றிய வண்டியில் வரும் கோடுகளில் பெரும்பகுதி, இல்லாதவர்களைத் தேடும் கோடுகள். ஏபிஎஸ் பெட்டி இல்லாத பழைய சேசிஸில் ஏபிஎஸ் பழகிய இன்ஜினை வைத்தால் வேகத் தகவல் வராது. 84-க்கு 9 விழும். யூரியா டேங்கைக் கொண்டு வராமல் எஸ்சிஆர் இன்ஜினை மட்டும் கொண்டு வந்தால், யூரியா அளவைத் தேடும் 1761, சைலன்சருக்கு முன்னும் பின்னும் இருக்க வேண்டிய நைட்ரஜன் ஆக்சைடு சென்சார்களுக்கான 3216, 3226 எல்லாம் வரிசையாக வரும். இவற்றை அழித்தாலும் சாவியைத் திருப்பியதும் திரும்ப வரும். சில கோடுகள் வெறும் லைட்டோடு நின்றுவிடும். சில, இன்ஜினின் இழுவையைக் குறைத்துவிடும். லோடு ஏற்றின வண்டி கயத்தாறு தாண்டி எதிர்க்காற்றில் மூச்சு வாங்குவதற்கு டர்போவும் காரணமாக இருக்கலாம், யூரியா தேடி அலுத்த ஈசிஎம் கையைக் கட்டிக்கொண்டதும் காரணமாக இருக்கலாம்.

பெடல் தனிக் கதை. மின்னணுப் பெடலில் இரண்டு தடங்கள் உண்டு. ஒன்று சொல்லும் வோல்ட்டில் பாதியை மற்றது சொல்லும், ஈசிஎம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வேறு கம்பெனிப் பெடலைப் பொருத்தினால் விகிதம் பிசகும். பெடல் புதிது, ஒயர் சரி, ஆனாலும் 91-க்கு 2 வந்துகொண்டே இருக்கும். வண்டி ஐட்லிங்கிலேயே நிற்கும், அல்லது ஒரே ஆர்பிஎம்மில் ஓடும். கார் வகையில் இதே குறை பி 2138. இன்ஜின் வாங்கும்போது பெடலையும் சேர்த்துக் கேட்காததன் விலை இது.

கேன் லைனின் கதை இதைவிடச் சுவையானது. முறுக்கிய இரண்டு ஒயர்களில் பெட்டிகள் எல்லாம் பேசிக்கொள்கின்றன. அந்த லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் தடை ஒன்று இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு ஒயருக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனைத் தடை காணாமல் போயிருக்கிறது. பெரும்பாலும் அது பழைய வண்டியில் விட்டுவந்த ஏதோ ஒரு பெட்டிக்குள் இருந்திருக்கும். 40 காட்டினால் மூன்று தடை சேர்ந்துவிட்டது. இன்ஜினோடு ஒன்று வந்து, சேசிஸில் ஏற்கனவே இரண்டு இருந்திருக்கும். ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல், விட்டு விட்டு வரும் தொடர்புக் கோடுகளுக்காக ஈசிஎம்மையே மாற்றுகிறார்கள்.

அடுத்தது மண்ணும் உப்பும். கரிசல் மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், பொடிந்தால் மாவாகப் பறக்கும், மழையில் அப்பினால் விடாது. ஏர் ஃபில்டர் அடைத்துக் காற்றின் கணக்குத் தவறுவதும், சக்கரத்தருகே இருக்கும் சென்சாரில் சேறு அப்புவதும் இங்கே சாதாரணம். உப்பு லோடு அதைவிடக் கொடியது. ஈர உப்பு கசிந்து சேசிஸ் முழுக்க இறங்கும். கப்ளரைப் பிரித்தால் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கடலை, சோளம் ஏற்றும் வண்டியில் எலி இருக்கிறது. இன்ஜின் மாற்றும்போது ஒயரிங்கை வெட்டி, ஒட்டி, டேப் சுற்றிய இடங்கள்தான் இவையெல்லாம் முதலில் நுழையும் வாசல்கள். தூத்துக்குடியில் உப்பு ஏற்றும் வண்டியில், ஒட்டு போட்ட ஒயரை டேப்பால் சுற்றுவதோடு நிறுத்துபவரை நல்ல எலக்ட்ரீஷியன் என்று நான் சொல்ல மாட்டேன். சால்டர் வைத்து, வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூட வேண்டும்.

சென்சாரா ஒயரா என்று பிரிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கூலன்ட் சென்சாருக்கு 110-உம் 4-உம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்ளரைக் கழற்றிவிட்டு மறுபடி படியுங்கள். 4 போய் 3 வந்தால் ஒயரும் ஈசிஎம்மும் நன்றாக இருக்கின்றன; கழற்றி வைத்த சென்சார்தான் உள்ளே ஷார்ட். கழற்றிய பிறகும் 4-லேயே நின்றால் ஒயர் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு நிமிஷ வேலை.

பல சென்சார்களுக்கு ஒரே நேரத்தில் 4 வந்தால் எதையும் மாற்றக் கூடாது. பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் லைனைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாம் படுக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால் எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. விட்டு விட்டு, சம்பந்தமில்லாத கோடுகள் வருகின்றன என்றால் எர்த்தைப் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸுக்கும் அதற்கும் தடிமனான எர்த் ஒயர் தேவை. இன்ஜின் இறக்கும்போது கழற்றி, ஏற்றும்போது மறந்து, அல்லது பெயின்ட் அடித்த இடத்திலேயே முடுக்கிவிட்டுப் போகிறார்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் பிறகு கிடைத்த வழியில் திரும்பும், சென்சார் எர்த் வழியாகவும் திரும்பும்.

இனி, ரெயில் அழுத்தம். மாற்று இன்ஜினில் இதுவே அதிகம் தலைவலி தரும் கோடு, பலமுறை பம்பையும் இன்ஜெக்டரையும் அநியாயமாக மாற்ற வைக்கும் கோடும் இதுதான். ஐட்லிங்கில் நன்றாக இருக்கும் வண்டி, லோடோடு மேம்பாலம் ஏறும்போது இழுவை இழந்து 157-க்கு 1 காட்டும். ஸ்கேனரில் கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கேட்டது ஏறிக்கொண்டே போக, கிடைத்தது பின்தங்கினால் டீசல் பாதையில் குறை. இங்கே இன்ஜின் புதிது, டேங்க்கும் குழாயும் பழையது. மெக்கானிக்கல் பம்புக்கு அமைத்த குழாய்க்கு, காமன் ரெயில் பம்பு உறிஞ்சும் அளவும் திருப்பி அனுப்பும் அளவும் தாங்காது. பழைய டேங்க்கில் துரு, வளைவில் அமுங்கிய குழாய், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இல்லாமை, காற்று இழுக்கும் பழைய வாஷர் என எது வேண்டுமானாலும் இருக்கலாம். பட்டறைக்காரர்கள் பழங்காலத்திலிருந்து செய்யும் சோதனை இங்கே ஸ்கேனரை விடச் சாமர்த்தியமானது. சுத்தமான டீசலை ஒரு டப்பாவில் ஊற்றி வண்டியில் கட்டி, புதுக் குழாயில் நேராகப் பம்புக்குக் கொடுத்து ஓட்டுவார்கள். கோடு வரவில்லை என்றால் இன்ஜின் நிரபராதி.

இன்ஜெக்டர் மாற்ற நேர்ந்தால் அதன் மேல் அச்சிட்ட எண்ணை ஈசிஎம்மில் பதிய வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் தெளிக்கும் அளவின் நுண்ணிய வேறுபாட்டை அந்த எண் சொல்கிறது. அதைப் பதியாமல் விட்டால் கோடு வராமலேகூட இன்ஜின் நடுங்கும்.

ஸ்கேனர் வாங்குவோர் கவனத்துக்கு ஒன்று. காருக்கான மலிவு ஸ்கேனர் 12 வோல்ட்டுக்குச் செய்தது. 24 வோல்ட் லாரியில் செருகினால் கருகும் வாய்ப்பு உண்டு, பிழைத்தாலும் ஜே1939 சரியாகப் படிக்காது. நல்ல ஸ்கேனரிலும் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை நம்பக் கூடாது. அது ஈசிஎம்மில் பதிந்திருக்கும் 17 எழுத்துச் சேசிஸ் எண்ணைப் படிக்கிறது. எம்ஏடி என்று தொடங்கினால் டாடா, எம்பி1 என்று தொடங்கினால் அசோக் லேலண்ட். அந்த எண் விபத்தில் உடைந்து எடைக்குப் போன லாரியுடையது. முகப்பில் எழுதியிருக்கும் பெயரையும் பார்க்காமல், ஈசிஎம் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று அதன் மேலுள்ள ஸ்டிக்கரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி.

கோடே வராத வண்டியும் உண்டு, அதைக் கண்டு சந்தோஷப்படக் கூடாது. யூரியா இருப்பதாகவும், நைட்ரஜன் ஆக்சைடு குறைந்திருப்பதாகவும் கேன் லைனில் பொய்த் தகவல் அனுப்பும் எமுலேட்டர் பெட்டிகள் விற்கின்றன. ஈசிஎம்மின் மென்பொருளையே மாற்றி அந்தக் கோடுகளை ஊமையாக்குபவர்களும் இருக்கிறார்கள். புகைச் சான்று மையத்தில் டீசல் வண்டிக்குப் பார்ப்பது புகையின் கருமையை மட்டும். நைட்ரஜன் ஆக்சைடை அங்கே அளப்பதில்லை, ஆகவே யூரியாவை நிறுத்திய வண்டி தேர்ச்சி பெற்றுவிடும். நஷ்டம் மூச்சுக் குழாய்க்கு. ஊமையாக்கும்போது வேறு எந்தெந்தக் கோடுகளைச் சேர்த்து ஊமையாக்கினார்கள் என்று அடுத்த மெக்கானிக்குத் தெரியாது என்பது இன்னொரு நஷ்டம். ஆயில் அழுத்தம் குறைந்தாலும் சத்தம் போடாத வண்டியைப் பிறகு யார் நம்புவது?

சட்டம் இதில் கறாராக இருக்கிறது. ஆர்சி புக்கில் இன்ஜின் எண் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பத்து அல்லது அதற்கு மேல் போக்குவரத்து வண்டி வைத்திருப்பவர்கள், அரசு அனுமதித்தால், அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை முன் ஒப்புதல் இல்லாமல் மாற்றலாம். அப்போதும் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஒற்றை வண்டி முதலாளிக்கு இந்தச் சலுகை கிடையாது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு முரணான மாற்றம் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பி.எஸ்.3 சேசிஸில் வேறு கம்பெனி பி.எஸ்.4 இன்ஜினை வைத்துவிட்டு, எண் பொருந்தாத ஆர்சி புக்கோடு ஓட்டுபவர், விபத்து இழப்பீடு கேட்கும் நாளில்தான் அதன் எடையை உணர்வார்.

2020 ஏப்ரல் 1-இல் வந்த பி.எஸ்.6-இன் இன்ஜின்கள் இன்னும் சில ஆண்டுகளில் இந்தச் சந்தைக்குத் தாராளமாக வரும். அவை தனியாக வருவதில் அர்த்தமே இல்லை. யூரியா டேங்க், தெளிக்கும் பம்பு, புகைத் துகளைப் பிடிக்கும் ஃபில்டர், இரண்டு பக்க நைட்ரஜன் ஆக்சைடு சென்சார், ஒயரிங் கிட், பெடல், மீட்டர், எல்லாப் பெட்டிகளும் கூடவே வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் இழுவை குறையும். மொத்தக் கிட்டையும் கொடுக்கிற வண்டி முழுசாகப் பக்கத்தில் நின்றால் மட்டும் அந்த வேலையில் கை வைக்கலாம். இன்ஜினை மட்டும் மலிவாகத் தருகிறேன் என்று போன் வந்தால், மெக்கானிக்கல் பம்பு உள்ள பழைய இன்ஜினுக்குப் போர் அடித்து, கிராங்க் வேலை பார்த்து ஓட்டுவதே செலவும் குறைவு, ஆர்சி புக்குக்கும் பங்கமில்லை.